பிரசிடெண்டம்மாள் கைச் சோறு

தும்பைக்குளம் தாலுகா போர்டு பிரசிடெண்ட் வைரவநாத பிள்ளையின் சம்சாரம் உலகம்மாள் பொங்கின சோற்றை ஒரு வாய் சாப்பிட்டவர், அது செரித்து மறுபடியும் பசி எடுக்கிற வரைக்கும் பொய் சொல்ல முடியாது. தாது வருஷப் பஞ்சம் கழிந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் எங்க ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோன சங்கதி இது. யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. ஒருத்தி கையில் ஊறுகாய் கெடாது, ஒருத்தி வைத்த செடி பட்டுப்போகாது, இந்தம்மா கைச் சோற்றுக்குப் பொய் வராது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். எதனால் என்று என்னைக் கேட்காதீங்க. அரிசியைப் பார்த்தார்கள், கிணற்றுத் தண்ணியைப் பார்த்தார்கள், பானையை மாற்றிப் பார்த்தார்கள், ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. அந்தம்மாவும் எல்லாரையும் போலத்தான் உலை வைத்தாள், உப்புப் போட்டாள், சில நாள் ரெண்டு கல் கூடவும் போட்டாள்.

ஊர் என்ன செய்தது என்று கேளுங்க, அதுதான் கூத்து. அம்மன் கோவிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுகிற வழக்கம் நின்றுபோனது. வரப்புத் தகராறு, பெண்டாட்டி தகராறு, மாடு மேய்ந்த தகராறு எதுவானாலும் ரெண்டு பேரையும் பிள்ளைவாள் வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பிட வைத்து, கை கழுவின ஈரம் காய்வதற்குள் கேட்டு முடித்துவிடுவார்கள். வழக்கு என்று வந்தால் முதல் கேள்வியே ‘சாப்பிட்டியா?’ என்பதுதான், வெறும் வயிற்றுப் பேச்சைச் சபையில் எடுக்கிறதில்லை என்று ஆகிவிட்டது. கல்யாணத் தரகர்கள் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே, யாரும் கேட்காமலே, ‘இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டு வாரோம்’ என்பார்கள். அது பச்சைப் பொய் என்று எல்லாருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே வழிவிடுவார்கள். பிழைப்புப் போச்சே என்று மனத்தாங்கலில் இருந்த கோவில் பூசாரிகூட ஒரு விருந்தில் வசமாக மாட்டி, அபிஷேகப் பாலில் பாதி என் வீட்டுக்குத்தான் போகுது என்று தானாகவே சொல்லிவிட்டு, சொன்னபிறகு இனி என்ன என்று மிச்சப் பாயசத்தையும் குடித்துவிட்டுப் போனார். யார் எங்கே உட்காருவது என்கிற அந்தக் காலத்து அநியாயம் அங்கேயும் இருந்தது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்: மேலத்தெருக்காரர்களுக்குக் கூடத்தில் இலை, கீழத்தெருக்காரர்களுக்குத் தொழுவத்துக்குப் பின்னால் இலை. பானை ஒன்றுதான். உண்மையும் ரெண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வந்தது.

வைரவநாத பிள்ளை பிரசிடெண்ட் ஆனதே அந்தச் சோற்றால்தான். இல்லாவிட்டால் அவர் யாரு? கொஞ்சம் நிலம், கொஞ்சம் இங்கிலீஷ், நல்ல மீசை, அவ்வளவுதான். ஜில்லா கலெக்டர் துரை சுற்றுப்பயணம் வந்தபோது பிள்ளை வீட்டிலிருந்து பாயசம் போனது. துரை ரெண்டு டம்ளர் குடித்தார். தமிழை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிற மனுஷன், தாசில்தார் முன்னாலேயே, இந்த வெயில் எனக்குப் பிடிக்கவில்லை, இந்தக் கொசு பிடிக்கவில்லை, என் தாயாரைப் பார்த்து ஒன்பது வருஷமாயிற்று என்று கேவிக் கேவி அழுதார். அதே பாயசத்தைக் குடித்த பழைய பிரசிடெண்டோ, நான் போட்டதாக எழுதின ரோடு ஒன்றையும் என் கண்ணால் பார்த்ததில்லை என்று சொல்லித் தொலைத்தார். அடுத்த மாதம் வைரவநாத பிள்ளைக்கு நாற்காலி வந்தது.

நாற்காலி அவருடையது, தாலுகாவை நடத்தினது அந்தம்மா. மத்தியானம் பந்தி நடக்கும்போது அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பாள், எழுத்துத் தெரியாது, ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது மறக்காது. அம்மை குத்துகிறவர் ஆற்றைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை என்று சாப்பிட்ட வாயால் சொன்னதைக் கேட்டவள், மறுநாளே அவரை அக்கரைக்கு அனுப்பவைத்தாள், அந்த வருஷம் அக்கரைப் பிள்ளைகள் பிழைத்தன. கீழத்தெருவில் கிணறு வந்தது, சந்தைக்கு ரோடு வந்தது, எல்லாவற்றுக்கும் கல்வெட்டில் பிள்ளைவாள் பேர் வந்தது. அந்தம்மாவுக்கு அதில் குறையில்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

அந்தக் காலத்து வழக்கம் தெரியுமே, புருஷன் சாப்பிட்ட பிறகு, அவன் சாப்பிட்ட இலையிலேயேதான் பெண்டாட்டி சாப்பிடுவாள், அவன் சாப்பிடாத வேளை அவளுக்கும் பட்டினிதான். உலகம்மாள் பதினாலு வயதில் வாழ வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆக ரெண்டு பேர் வயிற்றிலும் எப்போதும் அந்தச் சோறுதான், இருபத்தி ரெண்டு வருஷம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு பொய் கிடையாது. பிள்ளை கை கழுவிக்கொண்டு வருவார், அந்தம்மா துண்டை நீட்டிக்கொண்டே, “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்பாள், அவர் அத்தனையும் சொல்வார், தாசி வீட்டுத் திண்டாட்டம் முதல் தாசில்தாரிடம் வாங்கின ஏச்சு வரைக்கும். சண்டை வரும், அழுகை வரும், ஒரு வாரம் பேசாமல்கூட இருப்பார்கள். ஆனாலும் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத புருஷன் தனக்கு வாய்த்திருக்கிறான் என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான்.

அந்த ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெரிய குளம் விளிம்பு தட்டி நின்றது. துரை வெள்ளிக்கிழமை வருகிறார், குளத்தில் படகு விட ஆசைப்படுகிறார், சந்தோஷப்பட்டுப் போனால் பிள்ளைவாளுக்கு ராவ் பகதூர் பட்டமும் ஊருக்கு ரயிலடியும் நிச்சயம் என்று பேச்சு. ரயில் என்றால் சும்மாவா? மேலத்தெருவே தூக்கம் கெட்டுக் கிடந்தது, வாழைமரம் வெட்டித் தோரணம் கட்டினார்கள், படகுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் மடைக்காரன் கருத்தமாடன் சொட்டச் சொட்ட நனைந்து வந்து தொழுவத்துப் பக்கம் நின்றான். பரம்பரையாகக் குளத்துக்கு மடை திறந்து மூடுகிற குடும்பம்.

“ஐயா, ரெண்டு மடையையும் தொறக்கச் சொல்லி உத்தரவு குடுங்க. தெக்குக் கரையில ஊத்து எடுக்கு. இன்னொரு மழைக்குத் தாங்காது.”

“வெள்ளிக்கிழமை தொறக்கலாம்லே.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் கரை இருக்காது ஐயா.”

“துரை வந்து படகுல போயிட்டு வார வரைக்கும் ஒரு சொட்டு இறங்கக் கூடாது. இறங்குச்சு, உன்னைத் தொலைச்சுப்புடுவேன். போலே.”

கருத்தமாடன் இடுப்பிலிருந்த மடைச் சாவியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம் போனான். அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அந்தம்மா, பிள்ளை உள்ளே வந்ததும், “அவன் சொல்லுதது நெசம்னா கீழத்தெரு என்னங்க ஆகும்?” என்று கேட்டாள். “போயிரும்” என்றார் பிள்ளை. அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டிருந்தாரே, வேறு என்ன சொல்ல முடியும்! “ஆனா போகாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன்” என்றும் சொன்னார். அதுவும் நிஜந்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் தெற்குக் கரை உடைந்து, கீழத்தெரு முழுகி, பத்தொன்பது பேர் செத்தார்கள். அதில் ஏழு குழந்தைகள். பச்சைப் படகு கவிழ்ந்து மாரியம்மன் கோவில் வாசலில் கிடந்தது.

சாயங்காலத்துக்குள் கருத்தமாடன் கையில் விலங்கு மாட்டியாயிற்று. குடித்துவிட்டு மடையில் தூங்கினான், உத்தரவு இருந்தும் திறக்கவில்லை என்று பிரசிடெண்ட் கையெழுத்தோடு காகிதம் போனது. அவன் வாழ்நாளில் கள்ளைத் தொட்டதில்லை. அந்தமானுக்கு அனுப்புவார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், மெதுவாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பிள்ளை தன் வீட்டில் சாப்பிடவில்லை. அந்தம்மா இலை போட்டுக் கூப்பிட்டபோது வாசலில் நின்றபடியே, “பத்தொம்பது உசிரு போயிருக்கு உலகு. எனக்குத் தொண்டையில சோறு இறங்குமா? இந்தத் துக்கம் ஆறுத வரைக்கும் நான் பட்டினிதான்” என்றார். அந்தம்மா உருகிப் போனாள். தப்புச் செய்துவிட்டார், மனசு அறுக்கிறது, விசாரணையன்று தானாகவே எழுந்து நின்று சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். புருஷன் பட்டினி, அவளும் பட்டினி. வெறும் தண்ணி. ஒவ்வொரு நாளும் உலை வைத்து, பொங்கி, இலை போட்டு, காத்திருந்து, அப்படியே எடுத்து மாட்டுக்கு வைத்தாள். அஞ்சு நாள். பிள்ளை, துரைமார் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவில் சமையல்காரன் வைத்துப் பரிமாறின சோற்றை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மேலத்தெரு முழுக்கத் தெரியும். ஒரு நாய்கூட அந்தம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் விசாரணை. துரை நாற்காலியில், முன்ஷி பக்கத்தில் பேனாவோடு, ஊர் முழுக்கச் சுற்றிலும், கருத்தமாடன் விலங்கோடு தரையில். யார் சாட்சி என்று துரை கேட்டார், யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது அவரே, “பிரசிடெண்ட் அவர்களின் மனைவியார் பொய் உரைக்க மாட்டார் என்பதை நான் அறிவேன். அவர் சொன்னால் போதும்” என்றார்.

அந்தம்மா வந்தாள். திரை கட்டட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். நிற்க முடியவில்லை, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டாள். புருஷனை ஒரு தரம் பார்த்தாள், அவர் எழுந்திருப்பார் என்று காத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“புதன்கிழமை மத்தியானம் கருத்தமாடன் வந்தான். கரை தாங்காது, மடையைத் தொறக்கணும்னு கேட்டான். இவுக வேண்டாம்னுட்டாக. துரை படகுல போகணும்னாக. அவன் குடிக்கல, தூங்கல. நான் என் காதால கேட்டேன்.”

இப்போதுதான் பிள்ளை எழுந்தார். அந்தம்மா முகம் மலர்ந்தது என்று சொல்வார்கள்.

“துரை அவர்கள் மன்னிக்கணும். என் சம்சாரம் சாப்பிட்டு இன்னையோட அஞ்சு நாளாச்சு. ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியும். வெறும் வயித்துச் சொல்லு சபையில ஏறாது.”

துரை கூட்டத்தைப் பார்த்து, “அப்படியா?” என்று கேட்டார். ஊர் தலையை ஆட்டியது. மேலத்தெரு மொத்தமும் ஆட்டியது. ரயிலடி வேண்டுமே! எங்க பூட்டனாரும் முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டினார். எங்க குடும்பத்தில் இதை யாரும் மறைப்பதில்லை, மறைக்கிற யோக்கியதை எங்களுக்கு இல்லை.

“நீங்களுந்தான அஞ்சு நாளா பட்டினி?” என்றாள் அந்தம்மா. புருஷனைப் பார்த்து, ஊர் நடுவில், ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

“ஆமா. நானுந்தான்” என்றார் பிள்ளை. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு ஒரு ஏப்பம் வந்தது. நல்ல நீளமான ஏப்பம், நெய்யும் பூண்டும் மணக்க, வயிறு நிறைந்தவனுக்கு மட்டும் வருகிற ஏப்பம். அவர் துண்டால் வாயை மூடினார்.

பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று உலகம்மாள் அன்றைக்குத்தான் பார்த்தாள், அதுவும் முப்பத்தாறாவது வயதில். எப்போதும் இருக்கிற முகம் மாதிரியேதான் இருந்தது.

அவள் அழவில்லை. “ஒரு அண்டாவும் அரிசியும் குடுங்க” என்றாள். மைதானத்திலேயே மூணு கல்லைக் கூட்டி உலை வைத்தாள். புகையில் கண் எரிய எரிய, ஒரு மணி நேரம் பொங்கினாள், அந்த ஒரு மணி நேரமும் துரை காத்திருந்தார், ஊர் காத்திருந்தது, ஒருத்தரும் எழுந்து போகவில்லை, போனால் தெரிந்துவிடும் அல்லவா. பிறகு இலைகளை வரிசையாகப் போட்டாள், மேலத்தெரு கீழத்தெரு என்று பார்க்காமல், கருத்தமாடனுக்கும் சேர்த்து ஒரே வரிசையாக. துரைக்கு ஒன்று, முன்ஷிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று.

“நான் மட்டும் சாப்பிட்டுச் சொன்னா நாளைக்கு இன்னொரு வழக்கத்தைக் கண்டுபிடிப்பீக. எல்லாரும் உக்காருங்க. எல்லாரும் சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க, அந்தக் குளம் ஏன் உடைஞ்சுதுன்னு.”

உட்கார்ந்தார்கள். பரிமாறினாள். வெறும் சோறு, உப்பு, கொஞ்சம் மோர். ஆவி பறந்தது. புருஷன் இலைக்கு முன்னால் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள். “ஒரு வாய் சாப்பிடுங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நான் கேட்டுக்கிடுதேன். ஒரே ஒரு வாய்” என்றாள்.

“எனக்குப் பசி இல்ல” என்றார் பிள்ளை.

யாருக்குமே பசி இல்லை. முந்நூறு இலை, ஒரு கை நீளவில்லை. எங்க பூட்டனார் கையை மடியில் வைத்துக்கொண்டு சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம். துரைகூடச் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாரே ஒழிய இலையைத் தொடவில்லை, படகில் ஏற ஆசைப்பட்டவர் அவர்தானே. கீழத்தெருவில் மிஞ்சினவர்கள் தொட்டிருப்பார்கள், ஆனால் அவர்களை மைதானத்துக்குள் விடவே இல்லை, போலீஸ்காரன் பிரம்போடு மறித்துக்கொண்டு நின்றான்.

ஒருத்தன் சாப்பிட்டான். கருத்தமாடன். அவனுக்கு இலை போட்டபோதே அந்தம்மாவை நிமிர்ந்து பார்த்தான். விலங்கு போட்ட ரெண்டு கையையும் சேர்த்துக் குழியாக்கி அள்ளி அள்ளிச் சாப்பிட்டான். லாக்கப்பில் அவனுக்கும் பசிதான். “பாருங்க துரை, இவன் சாப்பிட்டிருக்கான். இவனைக் கேளுங்க” என்று கத்தினாள் அந்தம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

துரை கேட்டார். கருத்தமாடன் சொன்னான்.

“ஐயாகிட்டக் கேட்டேன். ஐயா வேண்டாம்னாக. அது நெசம். ஆனா சாமி, மடை என் கைக்குள்ளதான் இருந்துச்சு. சாவி என் இடுப்புல இருந்துச்சு. கரை போயிரும்னு எனக்குத் தெரியும். தொறந்திருக்கலாம். ஐயாவுக்குப் பயந்துக்கிட்டுத் தொறக்கல. என் தங்கச்சி மக அதுல போயிட்டா. பத்தொம்பது பேரையும் நாந்தான் சாமி கொன்னேன்.”

பொய் சொல்லியிருக்கலாம். ஐயாதான், நான் இல்லை என்று அதோடு நிறுத்தியிருக்கலாம். வயிற்றில் அந்தச் சோறு இருக்கும்போது எப்படி நிறுத்துவது? முன்ஷி கடைசி வரியை மட்டும் எழுதினார். ‘நான்தான் கொன்றேன்.’ மை காயப் பொடி தூவினார், துரை கையெழுத்துப் போட்டார், ஊர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டது.

அந்தம்மா கருத்தமாடன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் இலையிலிருந்தே அள்ளித் தின்றுகொண்டு, புருஷனுக்கு முன்னால், அத்தனை ஆண்களுக்கு முன்னால், வாயில் சோற்றோடு, “எழுதுங்க, இவுகதான் வேண்டாம்னாக, எழுதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்ஷி மைக்கூட்டை மூடியிருந்தார். கருத்தமாடனை இழுத்துக்கொண்டு போனபோது அவன் திரும்பி, “நல்ல சோறும்மா” என்றானாம். அவன் வைதிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அன்றோடு அந்தம்மா அடுப்புப் பக்கம் போகவில்லை. அடுக்களைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கிணற்றில் எறிந்தாள். பங்களாச் சமையல்காரன் கொல்லையில் கொட்டகை போட்டுச் சமைத்தான், அதைத்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள், தனித்தனி இலையில். ராவ் பகதூர் பட்டம் வந்தது. ரயிலடி வந்தது, இன்றைக்கும் நாங்கள் அதில்தான் ஏறி இறங்குகிறோம். ஊர் ரெண்டே மாதத்தில் பொய் சொல்லப் பழகிக்கொண்டது, கல்யாணத் தரகர்கள் குடை பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்கள், பூசாரி கற்பூரத் தட்டைத் துலக்கி வைத்தார். கருத்தமாடன் பெண்டாட்டி வீட்டுக்கு மட்டும் அந்தம்மா ஒரு நடை போனாள். அவள் கதவைத் திறக்கவில்லை.

இருபது வருஷம் கழித்துப் பிள்ளை படுக்கையில் விழுந்தார். நெஞ்சுக்கூடு எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“உலகு, அன்னைக்கு நான் செஞ்சதை மன்னிச்சிட்டியா?”

“மன்னிச்சாச்சு” என்றாள் அந்தம்மா.

“மனசாரவா?”

“மனசாரத்தான்.”

பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆயுசு முழுக்க ஒரு பொய் சொல்லாதவள் சொல்லிவிட்டாள், இனி என்ன வேண்டும்! அடுக்களை பூட்டி இருபது வருஷமாயிற்று என்பது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. விளக்கு வைப்பதற்குள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஒப்பாரி ஓய்ந்து, பெண்கள் கூடத்தில் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அவருடைய தங்கச்சிக்காரி, கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தவள், மெல்லக் கிட்டே நகர்ந்து வந்து, “நெசமாவே எங்க அண்ணனை மன்னிச்சிட்டியளா மதினி?” என்று கேட்டாள்.

அந்தம்மா மூக்குத்தியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “அந்தமான்லேருந்து கருத்தமாடன் வரட்டும். அவன்கிட்டக் கேட்டுச் சொல்லுதேன்” என்றாள்.